இரண்டு திறப்புகள்

(ஸ்பிரிங்வேலில் நடந்து, இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பான இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

கூட்டம் தொடங்கும்போது ஒரு வாக்கியம் சொன்னோம். இது பூனுரோங் மக்களின் நிலம், அவர்களின் மூத்தோருக்கு மரியாதை செலுத்துகிறோம் என்று. இப்போது மெல்பேர்னில் எங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்தில்கூடக் குத்துவிளக்கு ஏற்றின கையோடு இதைச் சொல்கிறோம். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது மூத்தோர் என்பவர்கள் யார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது இந்த ஸ்பிரிங்வேல் மயானம்தான்.

ஸ்பிரிங்வேலுக்கு வராத மெல்பேர்ன் தமிழர் இல்லை. மீனும் மரக்கறியும் வாங்க வருவோம். பிறகு யாராவது போய்விட்டால் மயானத்துக்கு வருவோம். என் அம்மாவையும் இங்கேதான் எரித்தோம். சாம்பலைத் தரும்போது அங்கே வேலை செய்த பெண் அம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்துச் சரியா என்று கேட்டார். பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பெட்டியைத் தந்தார். எங்கள் நீளமான பெயரை அவர் சரியாக உச்சரிக்கவில்லை. ஆனால் அந்தச் சாம்பல் யாருடையது, யாரிடம் போய்ச் சேரவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

இதே விக்டோரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

ஜோர்ஜ் மரே பிளாக் என்று ஒருவர். கிப்ஸ்லாந்தில் நிலபுலன் உள்ளவர், பொறியியலாளர். 1929 தொடக்கம் 1950களின் தொடக்கம் வரை மரே ஆற்றங்கரையோரம் போய் ஆதிக்குடிகளின் புதைகுழிகளைத் தோண்டினார். தோண்டியதைப் பெட்டி பெட்டியாக முதலில் கன்பராவில் இருந்த உடற்கூற்று நிறுவனத்துக்கும், பிறகு மெல்பேர்ன் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார். மெல்பேர்னுக்கு வந்தது மட்டும் ஏறத்தாழ 800 பேரின் எலும்புகள். இரவில் திருடினார் என்று நினைக்காதீர்கள். பகலில், பேராசிரியர்களின் ஊக்கத்தோடு, அறிவியல் சேவை என்ற நம்பிக்கையோடு தோண்டினார். அந்தக் கரைகளில் அந்த மூதாதையரின் பேரப்பிள்ளைகள் உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்படித் தோன்றாததற்கு ஒரு பின்னணி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஆதிக்குடிகள் அழிந்துபோகிற இனம், அழியுமுன் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பிய அறிவுலகின் பொதுக் கருத்து. தஸ்மேனியாவின் துருகனினியின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தன் உடலை வெட்டுவார்கள் என்று பயந்தபடியே 1876இல் இறந்த பெண். பயந்தபடியே நடந்தது. 1904 முதல் 1947 வரை அவரது எலும்புக்கூடு ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு நின்றது. நூறு வருடம் கழித்து, 1976இல்தான் அது தகனம் செய்யப்பட்டு, சாம்பல் அவரது ஊர்க் கடலில் கரைக்கப்பட்டது. காடாத்து முடித்துக் கடலுக்குப் போன எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

அந்த ஹோபார்ட் நகரத்தில் 1982இல் அவுஸ்திரேலியத் தொல்லியலாளர்களின் மாநாடு நடந்தது. தஸ்மேனிய ஆதிக்குடிச் சமூகத்தின் சார்பில் ரோஸ் லாங்ஃபோர்ட் என்ற பெண் எழுந்து பேசினார். எங்கள் மரபு உங்களுக்கு விளையாட்டு மைதானமா என்பதுதான் பேச்சின் சாரம். எங்கள் கடந்தகாலம் எங்களுடையது, அதை நாங்கள் விரும்பினால் உங்களோடு பகிர்வோம், நிபந்தனை எங்களுடையது என்றார். ஆராய்ச்சியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யார் வீட்டுக்குள் யார் விருந்தாளி என்பதைத் திருத்தினார். அவுஸ்திரேலியத் தொல்லியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பேச்சைத் தாண்டிப் போவதில்லை.

இரண்டு வருடம் கழித்து மெல்பேர்னில் ஜிம் பேர்க் வருகிறார். மேற்கு விக்டோரியாவின் குண்டிட்ஜ்மாரா மக்களைச் சேர்ந்தவர். ஆதிக்குடிகளின் சட்ட உதவி அமைப்பில் பணியாற்றியவர். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மேற்பார்வையாளராகவும் நியமிக்கப்பட்டிருந்தார். அந்தச் சட்டம் எழுதப்பட்டது தொல்பொருள்களை ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்க. பேர்க் அதே சட்டத்தைக் கையில் எடுத்து, 1984இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் மீது நடவடிக்கை எடுத்தார். மரே பிளாக் தொகுப்பு பல்கலைக்கழகத்தின் கையை விட்டு விக்டோரியா அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கிருந்து சமூகங்களுக்குத் திரும்பும் வழி திறந்தது. 

1985 நவம்பரில் 38 மூதாதையரின் எலும்புகளைச் சுமந்துகொண்டு மெல்பேர்ன் தெருக்களில் ஊர்வலமாகப் போனார்கள். நகர மத்தியில் கிங்ஸ் டொமெய்ன் பூங்காவில் அடக்கம் செய்தார்கள். மேலே ஒரு பெரிய பாறை இருக்கிறது. எங்கள் ஆட்கள் பலர் பூங்காவுக்குப் போய் அந்தப் பாறையைக் கடந்து நடந்திருப்பீர்கள். அடுத்த முறை ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த மூத்தோரில் 38 பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2000களின் தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுத் துறையில் இன்னொரு தொகுப்பு வெளியே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் பெரியின் பெயரால் அறியப்பட்ட தொகுப்பு. மண்டையோட்டை அளந்து மனிதரின் அறிவை அளக்கலாம் என்று நம்பியவர் பெரி. நீதிமன்றம் வரை போன விவகாரத்துக்குப் பிறகும் ஓர் அறைக்குள் இத்தனை பேர் பூட்டிக் கிடந்திருக்கிறார்கள். இன்று விக்டோரியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆதிக்குடி மரபுப் பேரவை ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் எல்லோரும் பாரம்பரிய நில உரிமையாளர்கள். மூதாதையரின் எலும்புகள் யாரிடம் இருந்தாலும் அந்தப் பேரவையிடம் ஒப்படைக்க வேண்டும்.

இப்போது கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். இது ஒரு பக்கம் கெட்டவர்கள், மறுபக்கம் நல்லவர்கள் என்ற கதை என்றால் நான் இங்கே வந்து பேசவேண்டியதில்லை.

வடக்கு விக்டோரியாவில் கோ சதுப்பு நிலம் என்று ஓர் இடம். 1968க்கும் 1972க்கும் இடையில் அலன் தோர்ன் என்ற ஆய்வாளர் அங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார். சுமார் 10,000 வருடங்களுக்கு மேற்பட்டவை. மனித குல வரலாற்றைப் பற்றிய பெரிய விவாதங்கள் அந்த எலும்புகளை வைத்து நடந்தன. 1990இல் அவை எச்சூகா ஆதிக்குடிச் சமூகத்திடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவுஸ்திரேலியத் தொல்லியலின் தந்தை என்று சொல்லப்படும் ஜோன் மல்வேனி அதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் இனவெறியர் அல்ல. இந்த மண்ணின் தொன்மையை உலகத்துக்குச் சொன்னதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நாளைக்கு வரப்போகும் கருவிகள் இந்த எலும்புகளிடம் இன்னும் என்னென்ன கேட்டிருக்கும், அந்தக் கதவை நிரந்தரமாக மூடுகிறோமே என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை பொய்யில்லை. பழைய டிஎன்ஏ ஆய்வு பிறகு எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

ஆனால் அந்த இழப்பைப் பற்றித் தீர்மானிக்க வேண்டியவர் யார்? இதற்கு முங்கோ ஏரியில் ஒரு விடை தேடிப் பார்த்தார்கள்.

நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பக்கம், வறண்டுபோன ஏரி. 1968இல் ஜிம் பவுலர் என்ற புவியியலாளர் அங்கே எரிந்த எலும்புகளைக் கண்டார். முங்கோ பெண்மணி என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 40,000 வருடங்களுக்கு முன்பு அந்தப் பெண்ணின் உடலை உறவுகள் எரித்து, எலும்பை உடைத்து, திரும்பவும் எரித்துப் புதைத்திருக்கிறார்கள். உலகத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய தகனங்களில் அது ஒன்று. எரிப்பது எங்கள் மரபு என்று நாங்கள் பெருமை பேசுகிறோமே, இந்த நாட்டில் அது எங்களுக்கு முன்னால் 40,000 வருடம் இருந்திருக்கிறது. 1974இல் அதே இடத்தில் முங்கோ மனிதனையும் பவுலர் கண்டார்.

அந்த நிலத்துக்கு உரியவர்கள் பாக்கன்ஜி, முத்தி முத்தி, நியம்பா என்ற மூன்று மக்கள். முத்தி முத்தி மூதாட்டி அலிஸ் கெலி, ஆய்வாளர்களை ஒதுக்கித் தள்ளவில்லை. அவர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார், வாருங்கள், ஆனால் எங்களைக் கேட்டு வாருங்கள் என்றார். 1992இல் முங்கோ பெண்மணி திரும்பி வந்தபோது ஓர் ஏற்பாடு செய்தார்கள். அவரது எச்சங்களை வைத்த பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு. ஒன்று ஆதிக்குடிகளிடம், மற்றது ஆய்வாளர்களிடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கலாம். யாழ்ப்பாணத்தில் கோயில் நகைப்பெட்டிக்கு இரண்டு உபயகாரரிடம் இரண்டு திறப்பு இருக்கும் என்று அம்மா சொல்லுவா. இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நம்பிக்கை இருக்கிறதால் ஒரு திறப்பு இல்லை. நம்பிக்கை வளரட்டும் என்றுதான் இரண்டு திறப்பு.

முங்கோ மனிதன் கன்பராவிலிருந்து 2017 நவம்பரில் வீடு திரும்பினார். தொன்மையான ரெட் கம் மரத்தில் செய்த பேழையில், பழைய கறுப்புச் சவ ஊர்தியில், ஊர் ஊராக மரியாதை பெற்றுக்கொண்டு. ஆனால் 2022இல் 108 மூதாதையரின் எச்சங்களைத் திரும்பப் புதைக்க மத்திய அரசு அனுமதித்தபோது, அந்த மக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்தது. புதைத்துவிட வேண்டும் என்றார்கள் சிலர். காப்பிடம் ஒன்று கட்டி வைப்போம், எதிர்காலம் தீர்மானிக்கட்டும் என்றார்கள் வேறு சிலர். முடிவில் யாருக்கும் தெரியாத இடங்களில் புதைக்கப்பட்டார்கள். சமூகத்திடம் அதிகாரம் கொடுத்தால் சமூகம் ஒரே குரலில் பேசும் என்று நினைப்பதும் ஒரு வெளியாள் பார்வைதான். எங்கள் சங்கங்களின் பொதுக்கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. சண்டை பிடிக்கும் உரிமையும் அந்த உரிமைக்குள்ளே அடக்கம்.

இப்போது எங்கள் பக்கம் திரும்புவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

மெல்பேர்னில் எந்தத் தமிழ் விருந்திலும் ஒருவர் இருப்பார். அபோரிஜின்ஸ் எங்கட ஆட்கள் தம்பி, தமிழ்தான் கதைச்சவங்கள் என்பார். நான் இளைஞனாக இருந்தபோது இதைக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். 2000களின் தொடக்கத்தில் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன், மதுரைக்கு அருகே ஒரு கிராமத்து இளைஞரிடம் எம்130 என்ற பழைய மரபணு அடையாளத்தைக் காட்டியபோது அந்தப் பேச்சு இன்னும் பலமானது. 2013இல் ஓர் ஆய்வு, சுமார் 4,000 வருடங்களுக்கு முன்பு இந்தியாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு மரபணு வந்தது என்றும், அது தென்னிந்தியத் திராவிட மொழி பேசுவோருக்கு நெருக்கமானது என்றும் சொன்னது. வாட்ஸப்பில் எத்தனை தரம் சுற்றியது என்று உங்களுக்குத் தெரியும். 2016இல் ஆண்வழி மரபணுவை முழுமையாக வாசித்த ஆய்வு, அப்படி ஒரு அண்மைக்கால வருகைக்கு ஆதாரம் இல்லை, பிரிவு ஏறத்தாழ 50,000 வருடப் பழமையானது என்று சொன்னது. அதை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

உறவு இருந்ததா இல்லையா என்பது என் கேள்வி இல்லை. ஒரு குடும்பத்தோடு எங்களுக்கு உறவு என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறோம், அந்த வீட்டுக் கதவை ஒருநாளும் தட்டவில்லை. அவர்களைக் கேட்காமல் அவர்களின் கடந்தகாலத்தை எங்கள் பெருமைக்கு எடுத்துக்கொள்வது மரே பிளாக் செய்ததற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மண்வெட்டி இல்லை, அவ்வளவுதான்.

அறிவியலாளர்கள் எங்களுக்கு முன்னால் திருந்தியிருக்கிறார்கள். 2011இல் ஓர் ஆதிக்குடி மனிதரின் முழு மரபணுத் தொகுதியை முதன்முதலில் வெளியிட்டார்கள். 1920களில் கல்கூர்லிப் பக்கம் ஹடன் என்ற மானிடவியலாளருக்குக் கிடைத்த ஒரு கற்றை மயிரிலிருந்து எடுத்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் வேலையை முடித்த பிறகே அந்தப் பகுதி மக்களின் நில, கடல் பேரவைக்குப் போய்ச் சம்மதம் கேட்டார்கள். பேரவை சம்மதம் தந்தது. வேண்டாம் என்றிருந்தால்? கேள்வியைப் பிந்திக் கேட்டால் அது கேள்வியாக இருக்காது. 

கன்பராவில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் குளிர் அறைகளில் 1960களிலிருந்து சேர்த்த ஆதிக்குடி மக்களின் ஏறத்தாழ 7,000 இரத்த மாதிரிகள் இருந்தன. எறிந்துவிடுவதா, பயன்படுத்துவதா என்ற கேள்வி வந்தது. ஆதிக்குடிகள் பெரும்பான்மையாக உள்ள ஒரு நிர்வாகக் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்து, தேசிய ஆதிக்குடி மரபணு மையத்தை உருவாக்கினார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் போய்க் கேட்டார்கள். கலிவின்கு சமூகத்தின் 200க்கும் மேற்பட்ட மாதிரிகள் 2019இல் ஊருக்குத் திரும்பி, சடங்கோடு புதைக்கப்பட்டன. அதே சமூகத்தில் சம்மதித்தவர்கள் புதிய மாதிரிகளும் கொடுத்தார்கள். அதன் முடிவுகள் 2023இல் வெளியாயின. சமூகத்திடம் கட்டுப்பாட்டைக் கொடுத்தால் ஆராய்ச்சி செத்துவிடும் என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

எங்களையும் அளந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு தென்னிந்தியா முழுக்கத் திரிந்து மூக்கை அளந்தார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டு ஓடினார்களாம், பிடித்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்ற பயத்தில். அதை அவரே தன் நூலில் பகிடியாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களின் பயம் எவ்வளவு நியாயமானது என்று துருகனினியைக் கேட்டால் சொல்லியிருப்பார். ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய பொருள்களை ஜாகோர் பெர்லினுக்குக் கொண்டுபோனார். இலங்கை வேடரின் மண்டையோடுகள் ஐரோப்பிய அலுமாரிகளுக்குப் போயின. அவற்றில் ஒன்பதை எடின்பரோ பல்கலைக்கழகம் 2019இல் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னியலத்தோவின் கையில் திருப்பிக் கொடுத்தது. வாகரையில் தமிழ் பேசும் வேடர் இருக்கிறார்கள். அவர்களின் வழக்காறுகளைச் சேகரிக்கிற எங்கள் ஆய்வாளர்கள், அவர்களிடம் என்ன கேட்டுவிட்டு எடுத்துவருகிறார்கள் என்பதையும் நாங்கள் கேட்கவேண்டும்.

கடைசியாக, ஏன் எனக்கு இந்த விஷயம்? 

2000களின் நடுவில் ஓர் ஆய்வாளர் அம்மாவைத் தேடி வந்தார். இடப்பெயர்வு பற்றிய ஆராய்ச்சி. நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் மூன்று பக்கச் சம்மதப் பத்திரம். அம்மா வாசிக்காமல் கையெழுத்து வைத்தா, நானும் வாசிக்கவில்லை. இரண்டு பின்னேரம் அம்மா கதைத்தா. 1995இல் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளியேறின இரவு, மழை, செம்மணிப் பாதை, கையில் இருந்த தையல் இயந்திரத்தை எங்கே விட்டது, யாருடைய பிள்ளையைக் கொஞ்சத் தூரம் தூக்கிக்கொண்டு நடந்தது. எனக்கு அதற்கு முன் சொல்லாத கதைகள். 

அம்மா போன பிறகு அந்தக் குரல் எனக்கு வேண்டுமாக இருந்தது. அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. விதிப்படி ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒலிப்பதிவு அழிக்கப்பட்டது. பங்கேற்றவரின் தனியுரிமையைக் காப்பதற்காக. ஆய்வேட்டில் அம்மா மூன்று வரியாக இருக்கிறா. பெண், அறுபத்திரண்டு வயது, விதவை.

யாரும் பிழை செய்யவில்லை. எல்லாம் விதிப்படி நடந்தது. ஒரு பிரதி எங்களுக்குத் தாருங்கள் என்று நான் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

கனடாவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமாக இருக்கலாம். அங்கே முதற்குடிகள் 1998இல் நான்கு சொற்களை முன்வைத்தார்கள்: உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம். எங்களைப் பற்றிய தகவல் எங்களுடையது. அதில் என்ன நடக்கிறதென்பதை நாங்கள் தீர்மானிப்போம். வேண்டியபோது எங்களால் பார்க்க முடியவேண்டும். அது எங்கள் கையில் இருக்கவேண்டும். நான்காவதைக் கேட்டபோதுதான் எனக்கு அம்மாவின் ஒலிநாடா ஞாபகம் வந்தது.

நாங்கள் இந்த மண்ணின் முதற்குடிகள் அல்லர். அவர்கள் இழந்ததோடு எங்கள் இழப்பை ஒப்பிடுவது சரியில்லை. ஆனால் அவர்கள் போராடி எழுதிவைத்த கேள்விகளிலிருந்து நாங்கள் படிக்கலாம். அகதிகளைப் பற்றிய ஆய்வுக்கு டண்டினோங்கும் ஸ்பிரிங்வேலும் பெயர்போன இடங்கள். அடுத்த ஆய்வாளர் எங்கள் முதியோர் சங்கத்துக்கு வரத்தான் போகிறார். வரட்டும், தேத்தண்ணி கொடுப்போம். பிறகு கேட்போம்: பத்திரம் தமிழில் இருக்கிறதா? பெயர் போடவேண்டும் என்று பேசுகிறவர் விரும்பினால் போடுவீர்களா? ஒலிப்பதிவின் ஒரு பிரதி குடும்பத்துக்கு வருமா? எழுதியதை அச்சுக்கு முன்னால் எங்களுக்கு வாசித்துக் காட்டுவீர்களா? ஐந்து வருடம் கழித்து அழிக்க முன்னால் எங்களுக்கு ஒரு சொல் சொல்வீர்களா? 1981இல் நூலகம் எரிந்த ஊரின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க வெட்கம் தேவையில்லை.

இந்தக் கேள்விகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாசலடி மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது ஒன்று எடுத்துக்கொண்டு போங்கோ. வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கோ. அதைவிட முக்கியமானது, ஆய்வாளர் வரும்வரை காத்திருக்காமல், இன்றைக்கு இரவே உங்கள் கைபேசியை எடுத்து அவர்களுக்குப் பக்கத்தில் இருங்கோ.